பல்லில் ஒட்டும் முன் அந்த மஞ்சளை விசாரியுங்கள்!

'என் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. சிரித்தால் முன்பற்கள் மஞ்சளாகத் தெரிகின்றன. அங்கங்கே வெள்ளைத் திட்டுகளும் உண்டு. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பல்லை வெள்ளையாக்கும் ஸ்ட்ரிப் என்று ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிறாள். 14 நாளில் பளிச்சென்று ஆகிவிடும் என அட்டையில் போட்டிருக்கிறது. ஒட்டலாமா டாக்டர்? பின்னாளில் பல் ஆடிப்போகுமா?'

சேலத்திலிருந்து ஒரு வாசகி அனுப்பியிருக்கும் கேள்வி இது. முகூர்த்த மாதங்கள் நெருங்கினாலே இந்தக் கேள்வி வேறு வேறு வார்த்தைகளில் வரிசைகட்டி வரும். பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும் கேட்பதில்லை, மாப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். அவர்கள் கொஞ்சம் தயங்கி, கடைசியில் கேட்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் வாசகிக்குப் பதில். பல் ஆடாது அம்மா, அந்தப் பயம் வேண்டாம். பல்லைப் பிடித்துவைத்திருப்பது ஈறும் எலும்பும். ஸ்ட்ரிப்பில் உள்ள மருந்து அதைத் தளர்த்துவதில்லை. ஆனால், உங்கள் மகள் அந்தப் பெட்டியை இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். காரணம், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்கள். ஒன்று, வெள்ளைத் திட்டு. இன்னொன்று, சின்ன வயதிலிருந்தே என்பது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஸ்ட்ரிப் ஒட்டிப் போகிற மஞ்சளாக இது தோன்றவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரக் கட்டுரை.

ஸ்ட்ரிப் என்பது செலோடேப் போல மெல்லிய, வளையும் பிளாஸ்டிக் துண்டு. ஒரு பக்கம் ஜெல் தடவியிருக்கும். பெரும்பாலானவற்றில் அந்த ஜெல்லின் சரக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. முடிக்கு பிளீச் செய்யப் பயன்படுவதும், புண்ணில் ஊற்றினால் நுரைத்துப் பொங்குவதும் இதே பொருள்தான். இது பல்லின் மேல் இருக்கும் கறையைச் சுரண்டி எடுப்பதில்லை. மிகச் சிறிய மூலக்கூறு என்பதால், பல்லின் மேலோடான எனாமலுக்குள் நுழைந்து, அதற்கு அடியில் இருக்கும் டென்டின் வரை போகிறது. போகிற வழியில் நிறத்தைத் தரும் பெரிய மூலக்கூறுகளை உடைக்கிறது. உடைந்ததும் நிறம் வெளிறுகிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் பொருள். டென்டின் இயல்பிலேயே மஞ்சள். அதனால் ஆரோக்கியமான மனிதப் பல்லின் நிறமே லேசான மஞ்சள் கலந்த வெள்ளைதான். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலியும், உள்ளே இருக்கும் மஞ்சள் கூடுதலாகத் தெரியும். விளம்பரத்தில் வரும் பால் வெள்ளைப் பல் பெரும்பாலும் கேப், வெனீர், அல்லது கம்ப்யூட்டரில் தடவிய வெள்ளை. அதை வைத்துக் கண்ணாடி முன்னால் நின்று உங்கள் பல்லை அளக்காதீர்கள்.

இந்த வைத்தியம் பிறந்த கதை சுவாரசியமானது. 1960களின் இறுதியில், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பில் கிளஸ்மியர் என்ற பல் சீரமைப்பு மருத்துவர், ஈறு வீங்கிய நோயாளிகளுக்கு ஒரு கிருமிநாசினி திரவத்தைப் பல் கிளிப்புக்குள் விட்டு இரவில் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஈறு ஆறியது. கூடவே பல்லும் வெளுத்தது. அந்தத் திரவத்தில் இருந்தது கார்பமைடு பெராக்சைடு. 1989ல் ஹேவுட், ஹேமன் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை முறைப்படி எழுதி வெளியிட்ட பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 2001ல் கிரெஸ்ட் நிறுவனம் அதையே ஸ்ட்ரிப்பாக்கிக் கடைக்குக் கொண்டுவந்தது. ஆக, இது நேற்று வந்த மாயமும் இல்லை, முழு ஏமாற்றும் இல்லை.

வேலை செய்யுமா என்றால், செய்யும். வீட்டிலேயே செய்துகொள்ளும் இந்த வகை பிளீச்சிங் பற்றி 2018ல் காக்ரேன் அமைப்பு 71 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. குறுகிய காலத்தில் பல் வெளுக்கிறது, கூச்சமும் ஈறு எரிச்சலும்தான் அடிக்கடி வரும் தொல்லைகள், அவை பெரும்பாலும் லேசானவை, தானே சரியாகிவிடுபவை என்று அது சொன்னது. மருந்தின் அடர்த்தி கூடினால் தொல்லையும் கூடுகிறது என்றது. ஆனால், அந்த ஆய்வுகளில் பல சின்னவை, சில வாரங்களே நடந்தவை, சான்றின் தரம் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறது. வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அவற்றில் பதில் தேடாதீர்கள்.

எந்த மஞ்சள் போகும்?

வயதால் வரும் மஞ்சள், காபியும் டீயும் வருடக்கணக்கில் ஊறி உள்ளே இறங்கிய மஞ்சள், பிறவியிலேயே பல் முழுக்க ஒரே சீராக இருக்கும் மஞ்சள். இவற்றுக்கு ஸ்ட்ரிப் நன்றாகவே கேட்கும். மஞ்சளாக இருக்க வேண்டும், சீராக இருக்க வேண்டும். இந்த இரண்டும்தான் அடையாளம்.

பல் இடுக்கிலும் ஈறு ஓரத்திலும் பழுப்பாகவோ கறுப்பாகவோ படிந்திருப்பது வேறு. அது வெற்றிலை பாக்கு, புகையிலை, டீ, இரும்புச்சத்து சிரப் ஆகியவற்றின் கறை. ஈறு பிரச்னைக்காகக் கொடுக்கும் குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷை மாதக்கணக்கில் விடாமல் கொப்பளித்தாலும் பழுப்புக் கறை வரும். இவையெல்லாம் மேலே ஒட்டியிருப்பவை. ஒருமுறை கிளீனிங் செய்தாலே பெரும்பகுதி போய்விடும். 'கிளீன் பண்ணினால் பல் தேய்ந்துவிடும், இடைவெளி விழும்' என்று நம் ஊரில் ஒரு பயம் உண்டு. இடைவெளி புதிதாக விழுவதில்லை. இடுக்கை அடைத்திருந்த காரை போனதும், ஏற்கெனவே இருந்த இடைவெளி வெளியே தெரிகிறது. பல்லை வெள்ளையாக்க வேண்டும் என்று வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு கிளீனிங்கோடு ஆசை தீர்ந்துவிடுகிறது. 'இவ்வளவுதானா டாக்டர்?' என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறத்தில் கறுத்திருந்தால், அதன் நரம்பு செத்திருக்கக் கூடும். ஒரு தம்பி வந்தார். ஆறாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் முன்பல் ஒன்று அடிபட்டு, மெள்ளக் கறுத்திருந்தது. அதற்காக ஒரு பெட்டி ஸ்ட்ரிப்பை முழுசாக ஒட்டி முடித்திருந்தார். மற்ற பற்கள் எல்லாம் நன்றாக வெளுத்துவிட்டன. நடுவில் அந்த ஒரு பல் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. அவருக்குத் தேவைப்பட்டது ரூட் கெனாலும், பல்லுக்கு உள்ளேயிருந்து செய்யும் பிளீச்சிங்கும்.

இதே தொல்லை கேப், ஃபில்லிங் போட்டவர்களுக்கும் உண்டு. பெராக்சைடு இயற்கையான பல்லைத்தான் வெளுக்கும். பீங்கான் கேப்பும், பல் நிற ஃபில்லிங்கும் போட்ட நாளின் நிறத்திலேயே நிற்கும். சுற்றியுள்ளவை வெளுத்த பிறகு அவை மட்டும் மஞ்சளாகத் தனியே தெரியும். சின்ன வயதில் டெட்ராசைக்ளின் மாத்திரை சாப்பிட்டதால் பல்லில் வரிவரியாக வரும் சாம்பல் நிறமும் இரண்டு வாரத்துக்கு மசியாது. பல் மருத்துவரின் மேற்பார்வையில் மாதக்கணக்கில் முயன்றால் கொஞ்சம் குறையும்.

இனி சேலத்து வாசகியின் வெள்ளைத் திட்டுக்கு வருவோம். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாறைக்கு அடியிலிருந்து எடுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில் பல இடங்களில் ஃப்ளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய நீரைக் குழந்தைகள் குடிக்கும்போது, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பற்களின் எனாமல் சரியாக இறுகாமல் நுண்ணிய ஓட்டைகளோடு அமைந்துவிடுகிறது. முன்பற்களுக்கு இது நடப்பது முதல் மூன்று நான்கு வயதுக்குள். ஆறேழு வயதில் பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு தடவியதுபோல் திட்டுகளோடு வெளியே வரும். பிறகு அந்த ஓட்டைகள் கறையை உறிஞ்சிப் பழுப்பாகும். இதற்குப் பெயர் ஃப்ளூரோசிஸ். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுபோகும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு அங்கே போர் தண்ணீர் குடித்து வளர்ந்த குழந்தைகள்தான் இன்று கல்யாண வயதில் நிற்கிறார்கள்.

அந்தப் பெண்களில் பலர் கையை வாயில் வைத்துக்கொண்டே சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். 'ஒழுங்காகப் பல் தேய்த்தால்தானே' என்று யாராவது சொல்லிக் கேட்டே வளர்ந்தவர்கள். தேய்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தத் திட்டு, பல் வெளியே வருவதற்கு முன்பே விழுந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் யாராவது கேட்டாலும் தயங்காமல் இதையே சொல்லலாம்.

ஃப்ளூரோசிஸ் பல்லில் ஸ்ட்ரிப் ஒட்டினால் என்ன ஆகும்? பெராக்சைடு திட்டை அழிப்பதில்லை. ஒட்டிய முதல் சில நாள்களில் பல் உலர்ந்து, வெள்ளைத் திட்டுகள் முன்னைவிட அதிகமாகத் துருத்திக்கொண்டு தெரியும். பிறகு சுற்றியுள்ள பகுதியும் வெளுத்து, வித்தியாசம் குறையலாம், குறையாமலும் போகலாம். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எடுக்க வேண்டிய சோதனையா இது? லேசான திட்டு என்றால் மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்து எடுக்கும் மைக்ரோ அப்ரேஷன், அந்த நுண் ஓட்டைகளுக்குள் ரெசினை இறக்கி நிறத்தைச் சமன்படுத்தும் சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. சிலருக்கு இவற்றோடு பிளீச்சிங்கையும் சேர்த்துச் செய்வோம். எது முதலில், எது பிறகு என்பது பல்லுக்குப் பல் மாறும். தை பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே போய்ப் பாருங்கள் அம்மா. அருகில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருந்தால் அங்கேயும் காட்டலாம்.

யார் ஒட்டக் கூடாது?

பெராக்சைடு நரம்பு இருக்கும் அறை வரை சில நிமிடங்களில் போய்விடும். கூச்சம் வருவது அதனால்தான். திடீரென்று மின்சாரம் பாய்ந்ததுபோல் சுளீரென்று ஒரு வெட்டு வெட்டும். நிறுத்திவிட்டால் பெரும்பாலும் சில நாள்களில் அடங்கும். ஆனால் சொத்தையோ விரிசலோ இருந்தால், மருந்து அந்த வழியாக நேராக நரம்புக்குப் போகும். ஈறு இறங்கி வேர் தெரிகிறவர்களுக்கும் இதே கஷ்டம். வேருக்கு எனாமல் கவசம் கிடையாது. இவர்கள் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் அம்மாவின் செல்போனிலிருந்து ஆர்டர் போட்டுவிடுகிறார்கள், கவனியுங்கள். அவர்களின் பல்லில் நரம்பு அறை பெரியது, மேல்பகுதிக்கு நெருக்கமானது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப்போடலாம். அவசரமில்லாத விஷயம்தானே. பல்லுக்கு கிளிப் மாட்டியிருப்பவர்கள் ஒட்டினால், கிளிப்பின் அடியில் மருந்து படாது. கழற்றும் நாளில் ஒவ்வொரு பல்லிலும் ஒரு சதுரம் தெரியும்.

வெற்றிலை புகையிலை, ஹான்ஸ், குட்கா பழக்கம் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பல்லின் நிறத்தை விடுங்கள். கன்னத்தின் உள்பக்கத்தில் தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படலமோ, சிவந்த திட்டோ, இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ இருக்கிறதா, வாய் முன்போலத் திறக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்ட்ரிப் வாங்கும் காசில் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போங்கள். இவை வாய்ப் புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கலாம்.

எனாமல் கரைந்துவிடுமா என்பது அடுத்த பயம். சொன்ன நேரம், சொன்ன நாள் என்று பயன்படுத்தினால் நிரந்தரச் சேதம் வந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. 2019ல் அமெரிக்காவின் ஸ்டாக்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஸ்ட்ரிப் ஒட்டிய பற்களில் டென்டினில் உள்ள கொலாஜன் புரதம் குறைவதாகச் சொன்னது பெரிய செய்தியானது. அது பிடுங்கிய பற்களில் செய்த சோதனை. உயிருள்ள வாயில் எச்சில் உண்டு, ரத்த ஓட்டம் உண்டு. அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும், மாதம் ஒரு பெட்டி என்று ஒட்டிக்கொண்டே இருப்பவர்களிடம் 'போதும்' என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்டியின் பின்பக்கம்

ஐரோப்பிய நாடுகளில் 0.1 சதவிகிதத்துக்கு மேல், 6 சதவிகிதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பொருள்களைப் பல் மருத்துவர் வழியாக மட்டும்தான் தர வேண்டும், அதுவும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கூடாது என்பது 2012 முதல் சட்டம். அமெரிக்காவிலோ அதைவிட அடர்த்தியானதே கடையில் கிடைக்கிறது. நாம் ஆன்லைனில் வாங்கும் சரக்கு இந்த இரண்டில் எந்த வகை என்பது பெட்டியைத் திருப்பினால்தான் தெரியும். என்ன மருந்து, எத்தனை சதவிகிதம், காலாவதித் தேதி எது என்று பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும், இறக்குமதி செய்தவரின் முகவரியும் இருக்க வேண்டும். சதவிகிதமே போடாத பெட்டியை விலை குறைவு என்று வாங்காதீர்கள். வெயிலில் கிடந்தால் பெராக்சைடு வீரியம் இழந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

'பெராக்சைடு இல்லாதது' என்று விற்பவற்றில் பலவும் பி.ஏ.பி. என்ற வேறொரு மருந்தில் ஓடுகின்றன. கூச்சம் குறைவு என்கிறார்கள். ஆனால் பெராக்சைடு அளவுக்கு நீண்ட அனுபவம் இதற்கு இல்லை. இப்போது ஊதா நிற சீரம், ஊதா ஸ்ட்ரிப் என்றும் வருகிறது. அது வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற அதே வித்தை. மஞ்சளின் மேல் ஊதா விழுந்தால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். போட்டோ எடுக்கும் வரை நிற்கும், சாப்பிட்டுக் கை கழுவும்போது போய்விடும்.

எலுமிச்சையும் சோடா உப்பும், கரித்தூள், செங்கல் பொடி எல்லாம் ஸ்ட்ரிப்பைவிட மோசம். எலுமிச்சையின் அமிலம் எனாமலைக் கரைக்கும், தூள் அதைத் தேய்த்து எடுக்கும். எனாமல் போனால் திரும்ப வளராது. உள்ளே இருக்கும் மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரியும்.

எல்லாம் பார்த்தாயிற்று, சொத்தை இல்லை, கிளீனிங் முடிந்தது, மஞ்சளும் சீரான மஞ்சள்தான் என்றால் தாராளமாக ஒட்டுங்கள். கூச்சம் உள்ளவர்கள் இரண்டு வாரம் முன்பிருந்தே பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்ட்டால் பல் துலக்குங்கள். ஒட்டும் முன் பல்லின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஸ்ட்ரிப் ஈறின் மேல் ஏறாமல் ஓரமாக வையுங்கள். நேரம் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும், ஒட்டிக்கொண்டு தூங்கிவிடக் கூடாது. தினமும் ஒட்டச் சொல்லியிருந்து கூச்சம் வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒட்டலாம், பலன் வருவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஈறு சுண்ணாம்பாக வெளுத்து எரிந்தால் பதறாதீர்கள். தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு, அன்றைக்கு நிறுத்துங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். மறுநாளும் எரிந்தால் காட்டுங்கள்.

ஸ்ட்ரிப் முன்னால் உள்ள ஆறு முதல் எட்டுப் பற்களைத்தான் மூடும். பல் வரிசை முன்பின்னாக இருந்தால் மேட்டில் பட்டது பள்ளத்தில் படாது. அப்படிப்பட்டவர்களுக்கு, வாயின் அளவெடுத்து மருத்துவர் செய்து தரும் மெல்லிய தட்டில் 10 சதவிகித கார்பமைடு பெராக்சைடு ஜெல் ஊற்றி இரவில் போட்டுக்கொள்ளும் முறை நல்லது. செலவு கூடுதல்தான். ஆனால் தட்டு பத்திரமாக இருந்தால், அடுத்தமுறை ஜெல்லுக்கு மட்டும்தான் செலவு.

கல்யாணத் தேதி குறித்தவர்களுக்குக் கணக்கு இது. கடைசி ஸ்ட்ரிப்புக்கும் முகூர்த்தத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். ஒட்டி முடித்த முதல் நாள்களில் தெரியும் வெள்ளையில் கொஞ்சம் பின்வாங்கும், அதன் பிறகு நிற்பதுதான் உண்மையான நிறம். மணவறையில் உட்காரும்போது கூச்சமும் அடங்கியிருக்கும். முன்பல்லில் ஃபில்லிங்கையோ கேப்பையோ மாற்ற வேண்டியிருந்தால், அதையும் இந்த இரண்டு வாரத்துக்குப் பிறகே வைத்துக்கொள்ளுங்கள். பெராக்சைடு விட்டுச்சென்ற ஆக்சிஜன் பல்லில் இருக்கும் வரை ஃபில்லிங் சரியாகப் பிடிக்காது. நிறம் நின்ற பிறகு பொருத்தினால்தான் புதியதும் பழையதும் ஒன்றாகத் தெரியும்.